ஒவ்வொரு எழுத்தா படிங்க

அந்தக் கடைக்குப் போன் செய்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அவளுடைய குரலைத்தான். கம்ப்யூட்டரும் பிரின்டரும் விற்று, பழுதும் பார்த்துக் கொடுக்கும் பெரிய கடை அது. கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் மிச்சமான முக்கோண இடத்தில், டெலிபோன் போர்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் "ஹலோ" சொல்லும் பக்குவத்தில், சண்டை போடப் போன் செய்தவர்கூட ஒரு நொடி தடுமாறி, "நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார். மாடியில் ஸ்குரு கழற்றுகிறவர்கள் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ஹலோ அக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நாற்பதைத் தாண்டிய பிறகு அவள் கண்ணில் ஒரு விசித்திரம் நடந்தது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் காணாமல் போயிற்று. சுவரைப் பார்த்தால் சுவர் இருந்தது, அதில் மாட்டிய கடிகாரம் இல்லை. கணவனின் முகத்தைப் பார்த்தால் இரண்டு காதும் தெரிந்தன, நடுவில் புகை மூட்டம். கண் டாக்டர் உள்ளதை உள்ளபடி சொன்னார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போய்விட்டது. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நடக்கலாம், சாலை ஓரமாகப் போகலாம். எழுத்து மட்டும் இனி இல்லை.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. போர்டில் எந்தப் பொத்தான் எந்த மேசைக்கு என்பது விரல்களுக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கொண்டே இணைப்புக் கொடுத்தாள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைக்குப் புது போர்டு வந்தபோதுதான் குட்டு உடைந்தது. அதில் பொத்தானே கிடையாது. வழவழவென்று ஒரு கண்ணாடி, அதைத் தொட்டால் வேலை செய்யும். எங்கே தொடுவது? முதல் நாளே, பிரின்டர் காகிதத்தைக் கடித்துத் துப்புகிறது என்று கொதித்துக்கொண்டிருந்த ஒருவரை நேரே முதலாளி வீட்டுக்கு இணைத்துவிட்டாள். முதலாளியின் மாமியார் எடுத்தார். அந்த அம்மாள் அந்த மனிதரிடம் அரை மணி நேரம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசியதாகப் பிறகு தெரிந்தது.

மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவர்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா சார்."

"சொல்லியிருக்கலாமே. முதலாளிகிட்ட பேசிட்டேன். உங்களுக்கு வரவேண்டியதை எல்லாம் சரியா குடுத்துடச் சொல்லிட்டார். வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட் எடுக்க எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். கண்ணுதான் வேலை செய்யல. வாய் நல்லாத்தான் இருக்கு."

"வாயை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன வேலை குடுக்கிறது?"

அவள் அதை யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "ஹெல்ப்லைன் சீட் காலியாத்தானே இருக்கு?"

இருந்தது. அந்த நாற்காலி யாருக்கும் ராசியில்லை என்று கடையில் பேச்சு. வாங்கிய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் வாடிக்கையாளர்கள் போன் செய்யும் இடம் அது. வாங்கிக்கட்டிக்கொள்ளும் இடம் என்றும் சொல்லலாம். வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஓடிப்போனார்கள்.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "அதுக்கு கம்ப்யூட்டர் தெரியணும்க்கா. ரேம்னா என்ன, சொல்லுங்க?"

"தெரியாது."

"ஓ.எஸ்.னா?"

"ஓசின்னா தெரியும் சார். ஓ.எஸ். தெரியாது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறுப்பது கொஞ்சம் கஷ்டம். வருடாந்திரச் சரக்குக் கணக்கெடுப்பு வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் புகார் ஏதாவது வந்தால் தன்னைக் கேட்கக் கூடாது என்றார். அவள் தலையாட்டினாள். வெளியே வந்ததும், படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றாள். 

அவள் கணவன் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயின்டும் அடிப்பவன். கேட்டதும் அவனுக்குக் கோபம். "நான் சம்பாதிக்கிறது போதாதா? கண்ணு தெரியாம அங்க போய் நாலு பேர்கிட்ட திட்டு வாங்கணுமா?"

"கண்ணு தெரிஞ்சப்பவும் திட்டு வாங்கிட்டுத்தானே இருந்தேன். அப்ப நீ ஒண்ணும் சொல்லலையே."

"அது வேற."

"என்ன வேற? வீட்ல உக்காந்தா நாள் பூரா என்ன பண்ணுவேன்? நீ அடிச்ச பெயின்ட் காயறதைப் பாத்துட்டு இருக்கவா? அதைக்கூடப் பாக்க முடியாதே."

அவன் எழுந்து போனான். ஆனால் காலையில், வெள்ளை பெயின்டால் வாசற்படியின் விளிம்பில் அகலமாக ஒரு கோடு அடித்து வைத்திருந்தான். ஓரப் பார்வைக்கு அது பளிச்சென்று தெரிந்தது. அவள் அதைத் தாண்டி வேலைக்குப் போனாள்.

கடையின் மேல் மாடியில் பழுது பார்க்கும் மேசைகள் இருந்தன. அங்கே மூத்தவன் ஒருவன், அவள் வேலைக்குச் சேர்ந்த அதே வருடம் சேர்ந்தவன். சட்டைப்பையில் எப்போதும் ஸ்குரு கழற்றும் திருப்புளி செருகியிருக்கும் என்பதால் பெயரும் திருப்புளி ஆகிவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவனிடம் போய் நின்றாள்.

"எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடு."

"எனக்குச் சொல்லிக் குடுக்க வராது. கையில குடுக்கிறேன். நீயே தடவிப் பாத்துக்க."

அப்படித்தான் ஆரம்பமாயிற்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில், பழைய பெட்டி ஒன்றின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்த முழுப் பெட்டியையும் சி.பி.யு. என்பார்கள். திருப்புளி அவள் விரலை உள்ளே இருந்த மின்விசிறிக்குக் கொண்டுபோனான். "இதுக்கு அடியில இருக்கு பாரு சதுரமா, பிஸ்கட் சைஸ்ல. அதுதான் சி.பி.யு. கணக்குப் போடறது அது ஒண்ணுதான். சூடாகும், அதான் தலைமேல காத்தாடி."

பிறகு ஒரு மெல்லிய பட்டையைக் கையில் வைத்தான். சீப்பு மாதிரி நீளம், ஒரு விளிம்பில் வரிசையாக வழவழப்பான உலோகப் பற்கள், நடுவில் ஒரு வெட்டு. அதுதான் ரேம். அதோடு ஒப்பிட்டால் ஹார்ட் டிஸ்க் செங்கல் போலக் கனத்தது. இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள், "ரெண்டும் ஞாபகம் வெச்சுக்கிறதுதானே? அப்புறம் எதுக்கு ரெண்டு?"

திருப்புளி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு யோசித்தான். "கரண்ட் போனா ரேம் எல்லாத்தையும் மறந்துடும். டிஸ்க் மறக்காது."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு போனாள். அடுப்படி மேடையில் நின்றபோது அவளுக்கு விளங்கியது. சமைக்கும்போது வேண்டியதை அலமாரியிலிருந்து எடுத்து மேடையில் பரப்புகிறோம். மேடை பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு வேலை நடக்கும், சின்னதாக இருந்தால் ஒன்றை நகர்த்தித்தான் இன்னொன்றை வைக்க முடியும். வேலை முடிந்ததும் மேடையைத் துடைத்துவிடுகிறோம். மேடை ரேம். அலமாரி ஹார்ட் டிஸ்க். இதைச் சொன்னதும் கணவன் வாயைத் திறந்தான். "அப்ப உன் ரேமைக் கொஞ்சம் துடைச்சு வையேன், தட்டு வைக்க இடமில்ல."

கம்ப்யூட்டரைப் பயன்படுத்தவும் அவள் கற்றாக வேண்டும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. திருப்புளி அதைப் போட்டுக் கொடுத்தான். ஹெட்போனை மாட்டியதும் ஓர் இயந்திரக் குரல் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தது. அவள் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்தாள். மவுஸைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. டேப் விசையைத் தட்டித் தட்டி நகர்ந்தால், எங்கே நிற்கிறோம் என்று வாயாடி சொல்லும். ஆரம்பத்தில் தலை சுற்றியது. யு.எஸ்.பி. என்று அவள் கேட்டது யாரோ தும்மியது போல இருந்தது. பி.டி.எஃப். என்பது பல்லைக் கடித்த மாதிரி. பலமுறை ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டாள். பலமுறை எடுத்து மாட்டினாள். கடைசியில் ஒரு நாள், வாயாடியின் வேகத்தைக் கூட்டி வைக்கச் சொல்லித் தானே கேட்டாள்.

ஹெல்ப்லைன் நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரத்தில் ஒரு துணிக்கடைக்காரர் பேசினார்.

"கம்ப்யூட்டர் வேலை செய்யலம்மா. உங்க ஆள்கிட்ட கேட்டா பூட் ஆகலன்னு சொல்றார். நான் பூட்டவே இல்லயே. சாவியும் குடுக்கலயே நீங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அது வேற பூட்டுங்க. பெட்டியை ஆன் பண்ணினதும் அது முதல்ல முழிச்சு, தன்னோட கை காலெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கும். அப்புறம் ஓ.எஸ்.சை எழுப்பும். ஓ.எஸ்.ங்கிறது வீட்டு நிர்வாகி மாதிரி. கீ போர்டு என்ன சொல்லுது, பிரின்டருக்கு என்ன வேணும், எல்லாத்தையும் பாத்துக்கிறது அதுதான். இவ்வளவு நடந்து முடியறதுக்குப் பேர்தான் பூட் ஆகிறது. உங்க பெட்டி பாதி முழிச்சுட்டு மறுபடி தூங்கிடுது. பின்னால ஏதாவது பென் டிரைவ் செருகியிருக்கா பாருங்க."

இருந்தது. பெட்டி அதிலிருந்து ஓ.எஸ். கிடைக்குமா என்று தேடிக்கொண்டு நின்றிருந்தது. பிடுங்கியதும் எழுந்துவிட்டது. துணிக்கடைக்காரர் அவளைப் புகழ்ந்த புகழ்ச்சியில் அவளுக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல் போயிற்று.

அதுதான் வினையாயிற்று. அடுத்த வாரம் போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் பேசினார். "மெமரி ஃபுல்னு வருது" என்றார். மெமரி என்றதும் அவள் கை விரல்களில் அந்தச் சீப்புப் பட்டை வந்து நின்றது. "ரேம் பத்தலீங்க, ஒண்ணு கூடுதலா போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் வந்தார், வாங்கினார், போட்டார். அதே செய்தி மறுபடி வந்தது. உண்மையில் நிரம்பியிருந்தது டிஸ்க். அத்தனை கல்யாணப் படங்களும் அதில்தான் திணிக்கப்பட்டிருந்தன. மேடையைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டாள், பிதுங்கியதோ அலமாரி. மனிதர் கடைக்குள் வந்து, எல்லோரும் கேட்கும்படி கத்தினார். "கண்ணு தெரியாதவங்களை உக்கார வெச்சா இப்படித்தான்" என்பதும் அதில் இருந்தது.

மேனேஜர் ரேமைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"என்னக்கா இது?"

"தப்புத்தான் சார்."

"நான் அன்னைக்கே சொன்னேன்."

"கண்ணால வந்த தப்பில்ல சார் இது. அவர் வாயில வந்ததை நான் அப்படியே நம்பிட்டேன். திரையில என்ன எழுதியிருக்குன்னு கேக்கவே இல்ல. இனிமே கேப்பேன். கணக்கெடுப்பு வரைக்கும்னு சொன்னீங்க, அது இன்னும் வரல."

மேனேஜர் தன் அறைக்குத் திரும்பினார். அன்று சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. கணவன், "வேணாம்னா விட்டுடேன்" என்றான், இந்த முறை மெதுவாக. "விட மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாளிலிருந்து அவள் ஒரே பிடியில் நின்றாள். யார் என்ன சொல்லிக்கொண்டு வந்தாலும், "திரையில இருக்கிறதை ஒவ்வொரு எழுத்தா படிங்க" என்பாள். ஆங்கிலம் வராது என்றவர்களை, எழுத்தின் உருவத்தையாவது சொல்ல வைத்தாள். சிலர் எரிந்து விழுந்தார்கள். "நேரம் ஆகுதும்மா" என்றார்கள். "தப்பா சொன்னா இன்னும் நேரம் ஆகும்" என்றாள். இன்டர்நெட் மந்தமாக இருக்கிறது என்ற ஓர் அம்மாளிடம் ஒருமுறை, "கேஷ் க்ளியர் பண்ணணும்" என்று சொல்ல, அந்த அம்மாள் பதறிப்போய், "என் காசை ஏன்மா எடுக்கணும்?" என்றார். அது இந்தக் காசு இல்லை, பார்த்த பக்கங்களைத் திரும்பப் பார்க்க வசதியாகக் கம்ப்யூட்டர் கைக்கெட்டுகிற இடத்தில் சேர்த்து வைக்கிற குப்பை, அதைக் கொஞ்சம் கூட்டித் தள்ள வேண்டும் என்று விளக்கினாள். அதற்குப் பிறகு கேஷ் என்ற சொல்லையே அவள் வாயில் எடுப்பதில்லை. "சேத்து வெச்ச குப்பை" என்றே சொன்னாள்.

கணக்கெடுப்புக்குச் சற்று முன்னால், ஒரு முற்பகலில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பேசினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அம்மா, ஒரு சின்னச் சந்தேகம். ரிமோட் அக்சஸ்னா என்ன?"

"வேற எடத்துல இருக்கிறவர் உங்க கம்ப்யூட்டரை அங்கிருந்தே இயக்கறதுங்க. ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, என் செல்போன்ல ஒருத்தர் லைன்ல இருக்கார். என் கம்ப்யூட்டர்ல நிறைய வைரஸ் இருக்காம், சரிபண்ணித் தர்றேங்கிறார். பெரிய கம்பெனிலேர்ந்து பேசறாராம். உங்ககிட்டதானே வாங்கினேன், அதான் வீட்டு போன்ல உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. "அவர் ஏதாவது யு.ஆர்.எல். டைப் பண்ணச் சொன்னாரா? மேல நீளமா ஒரு பட்டை இருக்குமே, போக வேண்டிய எடத்தோட விலாசம் அது. அதுல இருக்கிறதை ஒவ்வொரு எழுத்தா படிங்க."

வாத்தியார் பொறுமையாக, பாடம் நடத்துகிற மாதிரி படித்தார். பெரிய கம்பெனியின் பெயர் போலவே தொடங்கிய விலாசம், பாதியில் ஓர் எழுத்துக்குப் பதிலாகப் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு எங்கேயோ போயிற்று. வேகமாகப் படித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஐயா, எதையும் அமுக்காதீங்க. ஏற்கெனவே ஏதாவது அமுக்கினீங்களா?"

"அனுமதின்னு கேட்டது. அமுக்கினேன். பேங்க் பக்கத்தையும் திறக்கச் சொன்னார், திறந்தேன்." சட்டென்று அவர் குரல் மாறியது. "அம்மா, அம்புக்குறி தானா நகருதும்மா. நான் மவுஸைத் தொடவே இல்ல."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். குரல் மட்டும் உயரவில்லை. "பயப்படாதீங்க. பெட்டிக்குப் பின்னால கையை விடுங்க. பாக்க வேணாம், தடவுங்க. மேலேர்ந்து கீழே வாங்க. தட்டையா சின்னச் சின்ன ஓட்டைங்க வரும், அது யு.எஸ்.பி., விட்டுடுங்க. அது பக்கத்துல, டெலிபோன் ஒயர் முனை மாதிரியே, ஆனா கொஞ்சம் பருமனா ஒண்ணு செருகியிருக்கும். அதுல நாக்கு மாதிரி ஒரு சின்னத் தகடு துருத்திட்டு இருக்கும்."

"இருக்கு… இருக்கும்மா."

"அந்த நாக்கை அமுக்கிக்கிட்டே வெளிய இழுங்க."

டப்பென்று ஒரு சத்தம் அவளுக்கே கேட்டது.

"நின்னுடுச்சு" என்றார் வாத்தியார். "அம்பு நின்னுடுச்சு."

அது லேன் கேபிள், வீட்டுக்குள் இன்டர்நெட் வருகிற வாசல், அதை இப்போது சாத்திவிட்டீர்கள், உள்ளே வந்தவன் வெளியே நிற்கிறான் என்று அவள் சொன்னாள். செல்போனில் இருப்பவனிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிடச் சொன்னாள். உடனே பேங்குக்கு, அவர்களுடைய அட்டையில் அச்சிட்டிருக்கிற நம்பரிலேயே கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொன்னாள். பாஸ்வேர்டை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றச் சொன்னாள். பெட்டியைத் திரும்ப இன்டர்நெட்டில் செருகாமல் கடைக்குக் கொண்டுவரச் சொன்னாள். எல்லாவற்றையும் அவரைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் போனை வைத்தாள். உட்கார்ந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

மேனேஜர் பின்னால்தான் நின்றிருந்தார் என்பது அவர் தொண்டையைச் செருமியபோதுதான் தெரிந்தது. "அந்த நாக்கு விஷயம் எனக்குத் தோணியிருக்காதுக்கா" என்றார். கொஞ்சம் தயங்கி, "இந்த ஹெட்செட் கரகரன்னு இருக்குமே, புதுசு ஒண்ணு எடுத்துக்கச் சொல்றேன்" என்றுவிட்டு நகர்ந்தார். கணக்கெடுப்பு வந்தது, போயிற்று. அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வாத்தியார் மறுநாள் பெட்டியோடு நேரிலேயே வந்தார். கணக்கிலிருந்து எதுவும் போகவில்லை. திருப்புளி பெட்டியைச் சுத்தம் செய்து கொடுக்கும் வரை அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "அவன் சொன்ன வார்த்தை ஒண்ணும் எனக்குப் புரியலம்மா. புரியலன்னு காட்டிக்க வெக்கமா இருந்துச்சு. அதான் சொன்னதையெல்லாம் செஞ்சேன்" என்றார்.

இது அவளை விடாமல் அரித்தது. வார்த்தை புரியாத வெட்கத்தில் மனிதர்கள் எதையும் அமுக்கிவிடுகிறார்கள். மேனேஜரிடம் போனாள். ஹெல்ப்லைனில் காத்திருப்பவர்களுக்கு ஒரே இசை சுற்றிச் சுற்றி ஓடுகிறதே, அதை எடுத்துவிட்டு ஒவ்வொரு வார்த்தையாக நான் விளக்கிப் பேசிப் பதிவு செய்து தருகிறேன் என்றாள். யார் கேட்பார்கள் என்றார் மேனேஜர். "லைன்ல மாட்டிட்டு இருக்காங்க சார், கேக்காம எங்க போவாங்க?" என்றாள்.

கடை திறப்பதற்கு முன்னால், சரக்கு அறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினாள். திருப்புளி பதிவு செய்தான். "பிட்டுன்னா பரீட்சைல அடிக்கிற பிட்டு இல்லீங்க. விளக்கு எரியுது, எரியல, அந்த ஒரே ஒரு பதில்தான் பிட். அது எட்டு சேந்தா ஒரு பைட். அதுல ஒரு இங்கிலீஷ் எழுத்தை எழுதிடலாம். பைட் லட்சக்கணக்குல சேந்தா எம்.பி. இது எலெக்‌ஷன்ல நிக்கிற எம்.பி. இல்ல, ஆனா இதுவும் எடத்தை அடைச்சுக்கும்." திருப்புளி இந்த இடத்தில் சிரித்துவிட்டதால் இன்னொரு முறை பேச வேண்டியிருந்தது. பிக்ஸெலைப் பற்றிச் சொல்லக் கணவனின் வேலை கைகொடுத்தது. ஒரு சுவர் முழுவதையும் சின்னச் சின்னப் புள்ளியாகவே பெயின்ட் அடித்து, தூர நின்று பார்த்தால் படம் தெரிகிற மாதிரி என்றாள். வீட்டில் அதைப் போட்டுக் காட்டியபோது, "அப்படி அடிக்கச் சொன்னா நான் வேலையை விட்டுடுவேன்" என்றான் அவன். ஆனால் மறுபடி போடச் சொல்லிக் கேட்டான்.

சில வாரங்களில், அவள் போனை எடுத்தால், "அதுக்குள்ள எடுத்துட்டீங்களே, வை-ஃபை பத்தி சொன்னது பாதியில நிக்குது" என்று குறைபட்டுக்கொள்கிறவர்கள் வந்தார்கள். போட்டோ ஸ்டுடியோக்காரரும் ஒரு நாள் கூப்பிட்டார். பழையதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "படங்களுக்கு பேக்கப் எடுக்கணும்னு உங்க குரல் சொல்லுச்சு. எப்படி எடுக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அவள் சொல்லிக் கொடுத்தாள். ஒரே படத்தை ஒரே வீட்டில் இரண்டு இடத்தில் வைத்தால் போதாது, ஒன்று வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர், ஓரப் பார்வையும் சற்றுச் சுருங்கியிருப்பதாகச் சொன்னார். வெளியே வந்ததும் கணவன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவள் அதை எடுத்துவிடவில்லை. அவன் அன்று வீட்டுக்குப் போய்விடலாம் என்றான். அவள் கடைக்குப் போக வேண்டும் என்றாள். பஸ்ஸில் ஏற்றி, கூடவே கடை வாசல் வரை வந்து விட்டுவிட்டுத்தான் அவன் வேலைக்குத் திரும்பினான்.

நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டியதும் முதல் அழைப்பு வந்தது. அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். திரையில் ஏதோ மூன்றெழுத்து வந்து நிற்கிறது, அது என்ன என்று கேட்டாள்.

"படிங்க, ஒவ்வொரு எழுத்தா."

அந்தப் பெண் படித்தாள். ஹலோ அக்காவுக்கு அது தெரியவில்லை. அந்த மூன்றெழுத்தைக் கேள்விப்பட்டதே இல்லை.

"எனக்கு இது தெரியாதும்மா" என்றாள். "நீங்க எதையும் அமுக்காம அப்படியே வெச்சிருங்க. நான் மேல போய்க் கேட்டுட்டு வந்து, நானே உங்களைக் கூப்பிடறேன்."

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் மாடிப்படி ஏறினாள்.